கப்பல் நமக்காகக் காத்து நிற்காது: பயணக் கப்பல் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்து ஆட்கள் ரெண்டு நாளாகக் கேட்ட கேள்விகளுக்கு என் பதில் இது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். 2016 தொடங்கி 13 தடவை கப்பலில் போயிருக்கிறேன். லட்சத்தீவுக்கு 3, சிங்கப்பூரில் இருந்து 6, மும்பை–கொச்சி 2, மத்தியதரைக் கடல் 2. என் இளைய மகன் ஒரு பயணக் கப்பலில் கேபின் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறான். ஆகவே பயணியின் பக்கமும் தெரியும், ஊழியர் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

கேள்வி (பூவாறு): விழிஞ்ஞத்தில் இருந்து எப்போ டீச்சர் கப்பல் ஏறலாம்? நமக்குப் பக்கம்தானே.

பதில்: விழிஞ்ஞம் சரக்குப் பெட்டிகளை ஒரு கப்பலில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற துறைமுகம். 2025 மே மாதம் பிரதமர் வந்து திறந்து வைத்தது அதைத்தான். 2020-ல் கொரோனா நேரத்தில் கப்பல் ஊழியர்கள் அங்கே படகில் இறங்கி ஏறியதை நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், அதில் வந்த எண்ணம் இது. நமக்கு ஏறுகிற இடம் கொச்சிதான். வில்லிங்டன் தீவில் 2021-ல் திறந்த சாகரிகா முனையம் இருக்கிறது. ஒன்று மட்டும் மனசில் வையுங்கள்: கப்பல் புறப்படுகிற அன்று காலை ரயில் ஏறிப் போகாதீர்கள். முதல் நாள் ராத்திரியே எர்ணாகுளத்தில் படுத்து எழும்புங்கள். ரயில் ரெண்டு மணி நேரம் பிந்தினால் ரயில்வே மன்னிப்புக் கேட்கும், கப்பல் காத்து நிற்காது.

கேள்வி (அருமனை): எந்த மாசம் நல்லது?

பதில்: அரபிக்கடல் என்றால் நவம்பரில் இருந்து மார்ச் வரை. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம். கார்டிலியா என்கிற பயணக் கப்பல் கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலே 2021 செப்டம்பரில் மும்பையில் தொடங்கி, 2022 ஜூனில் மழைக்காலத்துக்குச் சென்னைப் பக்கம் வந்துவிட்டது.

கேள்வி (நெய்யாற்றின்கரை): பஸ்ஸில் ஆரல்வாய்மொழி போனாலே எனக்கு வாந்தி. கப்பல் தாங்குமா?

பதில்: தாங்கும் மக்ளே, இடம் பார்த்து எடுத்தால். கப்பலை ஒரு ஏற்றப்பலகை என்று நினைத்துக்கொள். ரெண்டு முனையும் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது. ஆகவே நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தட்டிலும் உள்ள கேபின்தான் உனக்கு. ஏஜென்ட் ‘மேல் தட்டு, முன் பக்கம், பால்கனி’ என்று ஆசை காட்டுவார். ஆட்டம் அதிகம் தெரிகிற இடம் அதுதான். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கு அடியில் ரெண்டு பக்கமும் மீனுக்கு இருப்பது மாதிரி துடுப்பு நீளும், அது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அது தடுக்காது.

மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். எந்த மாத்திரை என்று உன் டாக்டரிடம் கேள், சில மாத்திரை தூக்கத்தில் ஆளைச் சாய்த்துவிடும். தலை சுற்றினால் போனைப் பார்க்காதே. வெளித்தட்டுக்கு வந்து கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்.

என் முதல் லட்சத்தீவுப் பயணத்தில் நான் வயிறு காலியாக இருந்தால் நல்லது என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். பங்க் வகுப்பு. எதிர்ப் படுக்கையில் கொச்சியில் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற கவரத்திப் பெண் ஒருத்தி. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவதை மூணு தடவை பார்த்தாள். நாலாவது தடவை மடியில் இருந்த காய்ந்த ரொட்டியை ஒடித்து என் கையில் வைத்து, ‘காலி வயிறாணு சேச்சி பிரச்னம்’ (வெறும் வயிறுதான் அக்கா பிரச்னை) என்றாள். மென்று விழுங்கி மல்லாந்து படுத்தேன். அரை மணி நேரத்தில் உறங்கிப்போனேன். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, தீவுக்காரர்களுக்கு அந்தக் கப்பல் அப்படி, அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி (குழித்துறை): லட்சத்தீவுக்கு நம்ம நாட்டு ஆளுக்கும் அனுமதி வேணுமா?

பதில்: வேணும். நுழைவு அனுமதி இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். வில்லிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாக அலுவலகம் இருக்கிறது. அனுமதி கையில் வராமல் விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள். கொச்சியில் இருந்து கப்பல் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஓடும். மூட்டுவலிக்காரர்கள் இதையும் கேளுங்கள்: பல தீவுகளில் கப்பல் கரை அணையாது. கடலிலேயே நிறுத்தி, ஆடுகிற சின்னப் படகில் இறக்குவார்கள். படகு அலையில் மேலே எழும்பி வரும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். படகுக்காரர் கையை நீட்டுவார், வெட்கப்படாமல் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): அயர்ன் பாக்ஸ், கெட்டில், சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? வீட்டுக்காரருக்குக் கஞ்சி இல்லாமல் முடியாது.

பதில்: மூன்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலில் தீயை விடப் பெரிய பயம் எதுவும் கிடையாது. சர்ஜ் (மின்சாரம் திடீரென்று எகிறினால் தடுக்கிற அமைப்பு) வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது, சாதாரண அடாப்டர் போதும். சமைத்த மீன்குழம்பும் வேண்டாம். சீல் பிரிக்காத ஊறுகாய், ஏத்தங்காய் உப்பேரி (சிப்ஸ்), கருப்பட்டி இதெல்லாம் பெரும்பாலும் விடுவார்கள். துறைமுகத்தில் இறங்கும்போது எடுத்துப் போகாதீர்கள், சில நாடுகளில் அபராதம் போடுவார்கள். கஞ்சிக்கு வழி உண்டு: சிங்கப்பூர்க் கப்பல்களில் காலையில் அரிசிக் கஞ்சி வைப்பார்கள், நம் சம்பா கஞ்சி ருசி இருக்காது, ஊறுகாய் சேர்த்தால் இறங்கும்.

வீட்டில் இருந்து எடுக்க வேண்டியது நாலு காந்தக் கொக்கி. கேபின் சுவர் இரும்பு, ஆணி கிடையாது. கதவுக்குப் பின்னால் கொக்கியை ஒட்டி ஈரத் துண்டு, பை, தொப்பி எல்லாம் தொங்கவிடலாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): சிங்கப்பூர்–பினாங்கு–புக்கெட் போகிறோம். கப்பல் ஏற்பாடு செய்கிற சுற்றுலா விலை அதிகம். தனியாகப் போகலாமா?

பதில்: பினாங்கில் தாராளமாகப் போகலாம். கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே அணைகிறது, நடந்து லிட்டில் இந்தியா போய் தோசை தின்றுவிட்டுத் திரும்பலாம். புக்கெட் வேறு கதை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்னால். நான் போன கப்பல்கள் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடின. கரையில் இறங்கியதும் உன் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ‘5 மணிக்குள் ஏற வேண்டும்’ என்று கப்பல் சொன்னால், போனில் 4 மணி.

என் மயினி இதில் மாட்டியவள். புக்கெட்டில் பதோங் கடற்கரைக் கடையில் போனைப் பார்த்து ‘இன்னும் நேரம் கிடக்கு’ என்று துணி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் இருந்து கப்பலுக்குப் போகிற கடைசிப் படகில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏற்பாடு செய்த பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீயாகப் போய்ப் பிந்தினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உன் காசில் போய்ச் சேர வேண்டும். கையில் சாதாரண வாட்ச் கட்டிக்கொள், அதைக் கப்பல் நேரத்திலேயே விடு.

விசாவையும் பார். சிங்கப்பூரை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறாய். ஒருமுறை நுழைவு விசா போதாது.

கேள்வி (இஞ்சிவிளை): விழிஞ்ஞத்தில் இருந்து கப்பல் எப்போது?

பதில்: முதல் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): டிப்ஸ் என்று தானாகக் கணக்கில் ஏறுகிறதாமே. ரிசப்ஷனில் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னார். சரியா?

பதில்: பல கம்பெனிகளில் எடுக்க முடியும், சிலவற்றில் முடியாது. எடுக்காதீர்கள் சார். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை வரும். 18 டாலர் என்றே வைத்தால், ரெண்டு பேருக்கு 4 ராத்திரிக்கு 144 டாலர். இதை டிக்கெட் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

நாகர்கோவில்: சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி. என் தலையில் ஏன் கட்ட வேண்டும்? டிப்ஸ் என்றால் மனசறிந்து கொடுப்பது.

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கம்பெனி முழுச் சம்பளத்தையும் தானே கொடுத்து, டிக்கெட்டில் விலையைச் சேர்த்திருக்க வேண்டும். நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் நீங்கள் பில்லில் ஏறிய டிப்ஸை எடுக்கச் சொன்னால் கம்பெனிக்கு ஒரு காசு குறையாது. உங்கள் படுக்கையை விரித்த பையனுக்குத்தான் குறையும்.

குலசேகரம்: நான் 30 வருசம் பஸ் கண்டக்டர். ஒரு ரூபாய் டிப்ஸ் வாங்கினதில்லை. உழைப்புக்குச் சம்பளம், அவ்வளவுதான்.

பதில்: அண்ணாச்சி, உங்களுக்கு வார ஓய்வு இருந்தது, ஓய்வூதியம் இருக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்தீர்கள். என் மகனுக்கு ஒப்பந்தம் 8 மாதம், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட விடுமுறை இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-ல் ஒன்று போட்டார்கள், 2015-ல் இந்தியாவும் ஏற்றது. அது சொல்கிற ஓய்வு 7 நாளில் குறைந்தது 77 மணி நேரம். 168-ல் 77 போனால் மிச்சம் 91. சட்டத்துக்குள் நின்றே அவ்வளவு நேரம் வேலை வாங்கலாம். போன தடவை லீவுக்கு வந்தபோது அவன் விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது, குளியலறை கழுவுகிற மருந்து. சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் தின்றான். தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ரெண்டு வாரம் ஆனது ஆற.

கொல்லங்கோடு: டீச்சர், நான் கப்பல் லாண்டரியில் வேலை செய்கிறேன், இப்போ லீவு. ஒரு விசயம் சொல்லட்டா? பயணிகள் எங்களைப் பார்க்கவே மாட்டார்கள், நாங்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. தானாக ஏறுகிற பணத்தில்தான் எங்களுக்குப் பங்கு. கேபின் பையன் கையில் கொடுத்தால் அது அவனுக்கு மட்டும்.

நாகர்கோவில்: அப்போ பில்லில் ஏறிய டிப்ஸை எடுத்துவிட்டு, கேபின் பையனுக்கு நேராகக் கையில் கொடுத்தால்?

கொல்லங்கோடு: எங்கள் கம்பெனியில், அப்படி எடுத்த பயணி கையில் கொடுத்த பணத்தைப் பையன் பொதுப் பணத்தில் கட்ட வேண்டும். பில்லில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு மேலே கொடுத்தால் அவனே வைத்துக்கொள்ளலாம்.

பதில்: சார், இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. பில்லில் உள்ள டிப்ஸை அப்படியே விடுங்கள். மனசிருந்தால் மேலே 10 டாலர் கையில் கொடுங்கள். இறங்கும் முன்னால் கருத்துப் படிவத்தில் அந்தப் பையனின் பெயரை எழுதுங்கள், அடுத்த ஒப்பந்தத்துக்கு அது உதவும்.

கேள்வி (தக்கலை): டிப்ஸ் கட்டாயமா?

பதில்: மேலே இவ்வளவு நேரம் அதைத்தான் பேசினோம்.

கேள்வி (பாறசாலை): போன் வேலை செய்யுமா?

பதில்: கப்பல் நகர்ந்ததும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் சேட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்தால் சாதாரண ரோமிங் பேக் செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் வரும்.

கேள்வி (வெள்ளறடை): மகள் 6 மாசம் கர்ப்பம். கூட்டிப் போகலாமா?

பதில்: பெரும்பாலான கம்பெனிகள் பயணம் முடிவதற்குள் 24 வாரத்தைத் தொட்டால் ஏற்றாது. 6 மாசம் என்றால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஏறினதும் பயிற்சி என்று கூப்பிடுகிறார்களாமே, அந்த நேரத்தில் சாப்பிடப் போகலாமா?

பதில்: போகக் கூடாது. 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் செத்தார்கள். அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. எந்தப் படிக்கட்டில் போவது, எங்கே கூடுவது என்றே அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல், அதுதான் அழைப்பு. உங்கள் கேபினில் இருந்து கூடுமிடத்துக்கு ஒரு தடவை லிஃப்ட் இல்லாமல் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடங்கள்.

கேள்வி (பனச்சமூடு): கையில் சானிடைசர் போட்டால் போதுமா?

பதில்: போதாது. கப்பலில் பரவுகிற வயிற்றுப்போக்குக் கிருமி நோரோவைரஸ் அதற்குச் சரியாக அடங்காது. சாப்பாட்டுக்கு முன் சோப்பும் தண்ணீரும்.

கேள்வி (களியக்காவிளை): கடைசி நாள் எப்படி இறங்குவது?

பதில்: முந்தின ராத்திரியே பெட்டியில் டேக் கட்டி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பெட்டியைக் கரையில்தான் பார்ப்பீர்கள். ஆகவே மறுநாள் உடுப்பு, செருப்பு, பல் செட், பாஸ்போர்ட், மருந்து எல்லாம் கைப்பையில். என் கூட வந்த ஒரு சார் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வெளியே வைத்துவிட்டார், காலையில் லுங்கியும் பனியனும்தான் மிச்சம். என் வீட்டுக்காரரின் ஒரு சட்டையைக் கொடுத்துக் கூட்டிவந்தோம். சட்டை கிடைக்கும், சர்க்கரை மாத்திரை கிடைக்காது. கப்பல் டாக்டரைப் பார்த்தால் டாலரில் பில் வரும், ஊர் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற செலவும் அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.