பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?

கேள்வி: இருபது வருடமாக ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்ததும் குடும்பத்தோடு குற்றாலம் போய்விடுவேன். அதே லாட்ஜ், அதே அருவி, ராத்திரிக்குப் பிரானூர் பார்டரில் அதே பரோட்டா. இந்த வருடம் கல்லூரியில் படிக்கும் இளைய மகள், "மேகாலயா போகலாம்ப்பா" என்று கொடி பிடிக்கிறாள். தெரிந்த அருவியை விட்டுவிட்டுத் தெரியாத ஊரில் போய் நனைவானேன்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்.
- வாசகர், விருதுநகர்

பதில்: சொல்கிறேன். மகளுக்கு வேண்டாம், உங்களுக்கு.

முதலில் கொஞ்ச நேரம் உங்கள் கட்சியிலேயே இருக்கிறேன். நானும் குற்றாலப் பைத்தியம்தான். பேரருவியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையோடு ஒண்டி நிற்கும்போது, பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் இடித்தாலும் கோபம் வராது. மேலேயிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் இறங்கினால் கழுத்து மிஞ்சாது. நடுவழியில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிரம்பிப் பொங்கி, வேகம் தணிந்து வழிகிறது. அதனால்தான் நாம் பிழைத்துக் குளிக்கிறோம். அதற்காக இருபது வருடம் என்ன, அறுபது வருடம்கூடப் போகலாம்.

ஆனால் சித்திர சபைக்குள் என்றைக்காவது போயிருக்கிறீர்களா? குற்றாலநாதர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவரெங்கும் புராணக் காட்சிகள். நானும் ஏழெட்டு தடவை குற்றாலம் போய்வந்த பிறகுதான் அதற்குள் கால் வைத்தேன். பக்தியெல்லாம் இல்லை, அன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்தியிருக்காவிட்டால் இன்றுவரை பார்த்திருக்க மாட்டேன்.

நீங்கள் பரோட்டா பிய்க்கும் 'பார்டர்' எதன் பார்டர் என்று யோசித்ததுண்டா? 1956 நவம்பர் 1 அன்றுதான் பிரானூரை ஒட்டிய செங்கோட்டை நம் பக்கம் வந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கே கொல்லம் போகும் ரயிலில் ஏறினால், தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலம். 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை, 2018இல் அகலப்பாதையாக மாறிய பிறகும் ரயில் அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. உங்களுக்குப் பழகியிருப்பதெல்லாம் லாட்ஜுக்கும் அருவிக்கும் நடுவே உள்ள ரோடு. குற்றாலம் இனிமேல்தான் அறிமுகமாக வேண்டும்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் வருகிறாள், பரோட்டா வருகிறது, மனைவி ஒரு வரியிலும் வரவில்லை. அருவிக்கரைப் படியில் எல்லோருடைய மொபைலையும் வாட்சையும் மாற்றுத்துணியையும் மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் ஐந்து ஜோடிச் செருப்போடு உட்கார்ந்திருப்பது யார்? "நீ அப்புறமாப் போய்க் குளி" என்று சொல்லிவிட்டு நீங்கள் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, பெண்கள் பக்கம் வரிசை எவ்வளவு நீண்டிருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி லாட்ஜ் ஜன்னலில் கயிறு கட்டி ஈரத்துணி காயப்போடுவதும் நீங்களாக இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். அதே இடம் என்றால் உங்களுக்கு நிம்மதி. அவருக்கு அதே வேலை.

மகள் சொல்லும் ஊரும் லேசுப்பட்டதல்ல. சிரபுஞ்சியை அந்த ஊர்க்காரர்கள் சோரா என்பார்கள். அங்கே நோகலிகாய் அருவி ஏறத்தாழ 340 மீட்டர் ஒரே வீழ்ச்சியாக இறங்குகிறது. எட்ட நின்று பார்க்கலாம், தலையைக் கொடுக்க முடியாது. உங்களுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். நோங்ரியாட் கிராமத்தில் மரத்தின் உயிருள்ள வேர்களை ஓடைக்குக் குறுக்கே பின்னி வளர்த்த இரண்டடுக்குப் பாலம் இருக்கிறது. அதைப் பார்க்க மூவாயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏற வேண்டும். முழங்காலை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாழும் காசி பழங்குடியினரிடம் (நம் தென்காசிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) தாய்வழி மரபு; குடும்ப வீடு கடைசி மகளுக்குத்தான் போகும். உங்கள் இளைய மகள் குறிப்பாக இந்த ஊரைச் சொல்வது ஏன் என்று யோசியுங்கள்!

ஜூலையில் போனால் அருவியை மேகம் மூடியிருக்கும் நாட்கள்தான் அதிகம். அக்டோபர் கடைசி வாக்கில் போகலாம். குவாஹாட்டி வரை ரயிலோ விமானமோ, அங்கிருந்து ஷில்லாங்குக்கு ரோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். டிக்கெட் போடும் வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் இந்த ஆடிக்கும் குற்றாலம் போய் வாருங்கள், யார் வேண்டாம் என்றது? பையோடு படியில் நீங்கள் உட்காருங்கள். அம்மாவும் மகளும் குளித்துவிட்டு வரட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி.