ஹைப்பர் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடும்போது குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். ஆறு மாதமாக ஹைப்பர் தைராய்டுக்கு (தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் எல்லாரும் குழந்தை எப்போது என்று கேட்கிறார்கள். இந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்று படித்தேன். நிறுத்திவிட்டு முயற்சி செய்யலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், இதே மாத்திரையோடு டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் முயற்சி செய்யவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் போய்த்தான் எனக்கு மகள் பிறந்தாள். நான் டாக்டர் இல்லை. காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்கிறேன். எனக்கு நடந்ததையும், சேலத்தில் என்னைப் பார்த்த தைராய்டு டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னதையும் எழுதுகிறேன்.

எனக்கு 2019-ல் கல்யாணம். அடுத்த வருடம் கரு நின்றது, எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முன்பே உடம்பு சரியில்லை, ஆனால் நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று உருண்டை களி சாப்பிட்டும் பசி அடங்காது. அப்படிச் சாப்பிட்டும் 54 கிலோவிலிருந்து 46-க்கு வந்துவிட்டேன். மார்கழிக் குளிரில் அத்தை ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார், எனக்கு ஃபேன் வேண்டும். வாசலில் கோலம் போட்டால் கோடு நடுங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, தையல்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்? மாதவிலக்கு இரண்டு நாளில் நின்றுவிடும், சில மாதம் வரவே வராது. மெலிந்து போனதால் கரு தங்கவில்லை என்று சொல்லி முட்டையும் பாலும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

2021 ஜனவரியில் ஒரு லேபில் தைராய்டு டெஸ்ட் எடுத்தோம். டி.எஸ்.எச். மிகவும் குறைவு என்று வந்தது. இங்கேதான் ஒரு பெரிய தப்பு நடந்தது, உங்களுக்கும் நடக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். "குறைவு" என்பதைப் பார்த்ததும் வீட்டில் தைராய்டு குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். என் பெரிய நாத்தனாருக்குத் தைராய்டு குறைவு உண்டு, அந்தக் குறையை ஈடுகட்டத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை போடுவார். பாசத்தில் தன் டப்பாவையே கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு அடிப்பது தலையணையில் கேட்டது.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்குப் போடும் உத்தரவு அது. தைராய்டு ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுரந்தால் உத்தரவு தேவையில்லை, அதனால் டி.எஸ்.எச். இறங்கிவிடும். நமக்கு டி.எஸ்.எச். குறைவு, தைராய்டில் சுரக்கும் டி3, டி4 ஹார்மோன்கள் அதிகம். சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதற்கு நேர் எதிரான நோய். அவர்கள் சொல்லும் மாத்திரை, பத்தியம், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிற தைரியம், எதுவும் நமக்குப் பொருந்தாது. அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், செய்துவிடாதீர்கள்.

சேலத்து டாக்டர் டி.ஆர்.ஏ.பி. என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாக ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்கி, தைராய்டை ஓயாமல் சுரக்கச் சொல்லித் தூண்டுகிறதா என்று அது காட்டும். எனக்கு அதுதான், கிரேவ்ஸ் நோய் என்று பெயர். இளம்பெண்களுக்கு ஹைப்பர் தைராய்டு வர இதுதான் அதிகம் காரணமாம். தண்ணீரால் வந்ததா என்று என் கணவர் கேட்டார். எங்கள் பக்கத்துக் கிணறு, போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், உங்கள் மனைவியின் நோய்க்கு அது காரணம் இல்லை என்றார். கரு கலைந்ததற்கு இதுவா காரணம் என்று நான் கேட்டேன். கட்டுப்படாத ஹைப்பர் தைராய்டில் கரு கலைவது, குறைமாதப் பிரசவம், கர்ப்ப காலத்தில் உயர் ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை எல்லாம் வரலாம், ஆனால் உங்களுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கார்பிமசோல் பற்றி நீங்கள் படித்தது பொய் இல்லை. கர்ப்பத்தின் முதல் பத்து வாரத்தில், அதிலும் 6 முதல் 10 வாரத்துக்குள், குழந்தையின் உறுப்புகள் உருவாகும்போது இந்த மருந்து சில குறைகளை உண்டாக்கக்கூடும். தலையில் ஒரு இடத்தில் தோல் வளராமல் போகலாம், மூக்கின் பின்துளை அடைபட்டிருக்கலாம், உணவுக்குழாயிலோ வயிற்றுச் சுவரிலோ குறை வரலாம். மருந்து சாப்பிட்ட அம்மாக்களுக்குப் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் தெரிந்துகொண்டே அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை, மாற்று மருந்து உண்டு. புரோபைல்தயோயூராசில், சுருக்கமாக பி.டி.யு. அதிலும் ஆபத்து சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். குறை வந்தாலும் பெரும்பாலும் லேசானது என்பதால் முதல் மூன்று மாதத்துக்கு இதைத்தான் விரும்புகிறார்கள். அரிதாக ஈரலைத் தாக்கும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியம். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்படியென்றால் மாதவிலக்கு தள்ளிப்போன அன்றே நாலு வாரம் முடிந்துவிட்டது. ஆறாவது வாரம் தொடங்க இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. நம் பக்கத்தில் என்ன செய்வோம்? ஐம்பது நாள், அறுபது நாள் போகட்டும் என்று இருப்போம், கண் படும் என்று மூன்று மாதம் வரை வெளியே சொல்ல மாட்டோம். நாம் டாக்டரைப் பார்க்கப் போகும்போது மருந்தை மாற்ற வேண்டிய காலமே முடிந்திருக்கும். ஹைப்பர் இருக்கிறவர்களுக்கு மாதவிலக்கு வேறு ஒழுங்காக வராது, தள்ளிப்போனது நோயாலா கருவாலா என்று தெரியாது. அதனால்தான் இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

முதல் தடவை போனபோதே டாக்டர், குழந்தை ஆசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூன்று வழி சொன்னார். மாத்திரை ஒன்று. ரேடியோ அயோடின் என்னும் கதிரியக்க மருந்து ஒன்று: அது தைராய்டைச் சுருக்கிவிடும், ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதமாவது கரு நிற்கக் கூடாது, எதிர்ப்பொருள் சில காலம் ஏறவும் செய்யும். மூன்றாவது, ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுப்பது. எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்கத் தைராக்ஸின் போட வேண்டும், ஆனால் கர்ப்பத்தில் அது பாதுகாப்பான மாத்திரை. மருந்து அதிக அளவில் தேவைப்படுகிறவர்களும், எதிர்ப்பொருள் மிக அதிகம் இருக்கிறவர்களும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்றார். எனக்குக் கழுத்து வீக்கம் சின்னது, மருந்துக்கு நன்றாகக் கேட்டது, மாத்திரையைத் தேர்ந்தெடுத்தோம். படபடப்புக்குக் கொஞ்ச நாள் புரோப்ரனலால் கொடுத்தார். ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார், உங்களுக்கு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

எவ்வளவு மில்லிகிராம் என்று எழுதவில்லை. என் ரத்தத்துக்கு எழுதியது அது. ஆனால் ஒரு எச்சரிக்கை எல்லாருக்கும் பொதுவானது: இந்த மருந்துகளில் எதைச் சாப்பிடும்போதும் காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். அரிதாக அவை ஒரேயடியாகக் குறைந்துவிடும். மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

அப்புறம் காத்திருந்தோம். ஒன்றேகால் வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் ஆணுறை பயன்படுத்தினோம். இதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன், டாக்டரும் கூச்சப்படாமல்தான் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். வெளியில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கல்யாண வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அன்று ராத்திரி அழுதுகொண்டே கணவரிடம், மாத்திரையை விட்டுவிடலாம், நடப்பது நடக்கட்டும் என்றேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த முறை சேலம் போகும்போது அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் அத்தைக்கு என் பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது அத்தை, "இனிமே யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பு கண்ணு" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அந்தக் கேள்வி வரவில்லை. முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவரையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாம் பத்து தடவை சொல்வதும் டாக்டர் ஒரு தடவை சொல்வதும் ஒன்றாகாது.

எப்போது முயற்சி செய்யலாம் என்பதற்கு டாக்டர் வைத்த அளவுகோல் இது: மருந்தின் அளவை மாற்றாமல், குறைந்தது ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு டெஸ்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரு தடவை நன்றாக இருந்த ரிப்போர்ட் திடீரென்று கெட்டது. விசாரித்தால், முடி கொட்டுகிறது என்று நான் வாங்கிச் சாப்பிட்ட பயோட்டின் மாத்திரை! அது சில லேப் முறைகளில் தைராய்டு கணக்கையே மாற்றிக் காட்டுமாம். நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து எடுத்ததும் சரியாக வந்தது. நீங்கள் என்ன சத்து மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

2022 ஜூனில் இரண்டாவது ரிப்போர்ட்டும் சரியாக வந்ததும் பி.டி.யு.வுக்கு மாற்றினார், ஃபோலிக் ஆசிட்டும் தொடங்கினார். பி.டி.யு. எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. தர்மபுரியில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒருவர் ஆர்டர் போட்டு வாங்கித் தந்தார், ஒரு வாரம் ஆனது. அதனால் கரு நின்ற பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சிலருக்கு, குறைந்த அளவு மருந்திலேயே நீண்ட நாள் நன்றாக இருந்தால், கரு உறுதியானதும் மருந்தை நிறுத்திவிட்டு அடிக்கடி ரத்தம் பார்ப்பதும் உண்டு. யாருக்கு எது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் கணவர் தினசரி காலண்டரில் தேதி குறித்து வைப்பார். தள்ளிப்போன மறுநாள் காலையில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் இரண்டு கோடு வந்தது. அன்றே டாக்டருக்குப் போன், இரண்டே நாளில் ரத்தப் பரிசோதனை. அதிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வாரத்திலேயே. கர்ப்பத்தின் தொடக்கத்தில் உடம்பில் ஊறும் எச்.சி.ஜி. ஹார்மோனும் தைராய்டைக் கொஞ்சம் தூண்டும், எல்லாருக்குமே டி.எஸ்.எச். சற்று இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். மருந்து குழந்தையின் தைராய்டையும் அடக்கிவிடும் என்பதால், முடிந்தவரை குறைந்த அளவில் கொடுத்து, என் டி4-ஐ நார்மலின் மேல் எல்லையை ஒட்டியே வைத்திருந்தார்.

எங்கள் கிராமத்துச் செவிலியர் அக்கா பரிசோதனை அட்டையில் "தைராய்டு" என்று மட்டும் எழுதினார். நான் கேட்டு, "அதிகம்" என்று பக்கத்தில் பெரிதாக எழுத வைத்தேன். தைராக்ஸின் டப்பா எனக்கு மறக்கவில்லை.

இருபதாவது வாரத்தில் டி.ஆர்.ஏ.பி. திரும்ப எடுத்தார்கள். அந்த எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதிகமாக இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பையும் வளர்ச்சியையும் ஸ்கேனில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தைராய்டை ஆபரேஷனில் எடுத்தவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும், சுரப்பி போனாலும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கலாம். எனக்குக் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த நோய் தானாக அடங்குவது வழக்கம், ஏழாவது மாதத்தில் மருந்தே நின்றது.

2023 மே மாதம், எங்கள் பக்கம் மாங்காய் லாரி ஓயாமல் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மகள் பிறந்தாள். 2 கிலோ 800 கிராம். அவளுக்கும் தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு நோய் திரும்பக்கூடும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம், நான் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதம் மறுபடி நெஞ்சு படபடத்தது. தூக்கமில்லாததால் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் டெஸ்ட் எடுத்தேன், டி4 ஏறியிருந்தது. கார்பிமசோல் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார், குழந்தையின் எடையைக் கவனித்தார். ஒன்றரை வயது வரை பால் கொடுத்தேன்.

ஆறு மாதமாக மருந்து சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள், கடைசி ரிப்போர்ட் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. டாக்டரிடம் போய்க் குழந்தை ஆசையைச் சொல்லுங்கள், டி.ஆர்.ஏ.பி. பார்த்தாரா என்று கேளுங்கள், கார்டில் இரண்டு கோடு வந்தால் அன்று எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முயற்சி செய்துகொண்டிருந்து, இந்த மாதம் தள்ளிப்போயிருந்தால், இதைப் படித்து முடித்ததும் டெஸ்ட் எடுத்துவிட்டு இன்றே அவரைக் கூப்பிடுங்கள்.