தேதி தாண்டிய பிறகு ஓடையில் இறங்கலாமா?

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் சால்மன் மீன்களுக்காக ஓடையில் மரக்கட்டைகள் பதிக்கும் வேலை, ஒப்பந்தக்காரரால் இழுத்துப்போய் செப்டம்பர் கடைசிக்கு வந்துவிட்டது, அனுமதியில் ஓடை வேலைக்குப் போட்ட கடைசித் தேதிக்கு மேல் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டு முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் என்றே சொல்வேன். கோஹோ, சினூக் என்ற சால்மன் வகைகள் இலையுதிர்காலத்தில்தான் முட்டையிட ஏறி வருகின்றன. தாய்மீன் வாலால் கூழாங்கற்களைப் பறித்துக் குழி செய்து, முட்டையிட்டுக் கல்லாலேயே மூடிவிடும். கல்லிடுக்கில் ஓடும் நீர்தான் அந்த முட்டைகளுக்கு மூச்சு. நீங்கள் ஓடையின் மேல்பகுதியில் எந்திரத்தை இறக்கினால் கிளம்பும் வண்டல், நீரோடு கீழே போய் அந்த இடுக்குகளை அடைத்துவிடும். முட்டைகள் யார் கண்ணிலும் படாமலே செத்துப்போகும். அனுமதியில் தேதி போட்டிருப்பது இதற்காகத்தான். இதே மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். அவ்வளவு பெரிய வேலையிலும் மீன் நடமாடும் காலங்களில் இடிப்பை நிறுத்தி வைத்தார்கள்.

நிதி தந்தவர்களுக்கு இன்றே எழுதி, அடுத்த கோடைவரை நீட்டிப்புக் கேளுங்கள். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

சரி, அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கரையில் வில்லோ, சிவப்பு சீடர் மரக்கன்றுகள் நட மழைக்காலம்தான் நல்லது. கோடையில் தண்ணீர் சூடாகாமல் காப்பது அந்த மரங்களின் நிழல்தான். கட்டைகளை வெள்ளம் எட்டாத மேட்டில் அடுக்கி வையுங்கள். அப்புறம், ஏற்றி இறக்க வசதியென்று வேர்ப்பகுதியை யாரையும் வெட்ட விடாதீர்கள். வெள்ளத்தில் கட்டை நகராமல் பிடித்து நிற்பது அந்த வேரால்தான்.