4,500 அடிச்சு 1,800

கேள்வி: சார், ஆடித் தள்ளுபடில 4,500ஐ அடிச்சிட்டு 1,800னு போட்டிருந்த புடவைய ஆசையா எடுத்துட்டேன், அதே புடவை பக்கத்துக் கடைல சும்மாவே 1,200 தான், எப்படி ஏமாந்தேன்? - வாசகி, மதுரை

பதில்: மனசு மொதல்ல பாத்த நம்பர கெட்டியா புடிச்சுக்கும்மா, உங்க மேல தப்பில்ல. ட்வெர்ஸ்கி, கானெமன்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1974ல எழுதினது இது, 10 இல்லன்னா 65ல மட்டும் நிக்கற மாதிரி செட் பண்ண சக்கரத்த சுத்திவிட்டு, ஐ.நா.வுல ஆப்பிரிக்க நாடுங்க எத்தன சதவீதம்னு கேட்டிருக்காங்க, 10 பாத்தவங்க நடுவாந்தரமா 25ன்னாங்க, 65 பாத்தவங்க 45ன்னாங்க. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க! அதான் எனக்கு பயமா இருக்கு. அடுத்த தடவ டேக்க திருப்பி வெச்சிட்டு, துணிய மட்டும் தொட்டுப் பாத்து, இதுக்கு எவ்ளோ குடுக்கலாம்னு துண்டுச்சீட்டுல எழுதிடுங்க, அப்புறமா விலைய பாருங்க.