கணினிக் கேள்வி பதில்

கேள்வி: ரைசன் 5 7600 செயலி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு கொண்டு விளையாட்டுக் கணினி பூட்ட விரும்புகிறேன். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் பி650, பி650இ என இரண்டு மதர்போர்டுகளைக் காட்டினார்கள். எதை வாங்கலாம்? - வாசகர், செந்தூல்

பதில்: இரண்டும் ஏஎம்5 சாக்கெட் (செயலி பொருந்தும் இடம்), டிடிஆர்5 நினைவகம் கொண்டவையே. வாலில் ஒட்டியிருக்கும் ‘இ’, கிராபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் பிசிஐஇ 5.0 (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் இணைப்பின் ஐந்தாம் தலைமுறை) வேகம் தரும் என்பதற்கான உறுதி. ஆனால் உங்கள் கார்டோ 4.0 தலைமுறையைச் சேர்ந்தது, அதிலும் எட்டுத் தரவுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவது என்பதால், அந்த ‘இ’க்குக் கொடுக்கும் கூடுதல் ரிங்கிட் விளையாட்டில் தெரியாது. பி650யே போதும்.

பெட்டியின் பளபளப்பைவிட, செயலியைச் சுற்றியுள்ள மின்சீராக்கிகளின்மேல் (செயலிக்கு ஏற்ற மின்னழுத்தம் தரும் பாகங்கள்) வெப்பம் தணிக்கும் கனத்த அலுமினியத் தகடு உள்ளதா என்று பாருங்கள். 7600இன் வெப்ப அளவு 65 வாட்தான் என்றாலும், ஏர்கான் இல்லாத அறையில், பின்னாளில் பெரிய செயலி பொருத்தும்போது அது கைகொடுக்கும். பின்புறம் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது.