கடலில்லாத ஊரின் கடல் கேள்விகள்

சேலம், ஏற்காடு வாசகர்கள் கடல் பாதுகாப்பு பற்றிக் கேட்டவற்றுக்கு, நீர் மாசும் மீன்வளமும் அறிந்த ஒருவரின் பதில்கள்.

நம்ம ஊர் குப்பை நிஜமாவே கடலுக்குப் போகுதுங்களா?

போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. வெள்ளக் காலத்தில் முக்கொம்பில் பெரும்பகுதித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். அது மயிலாடுதுறை மாவட்டத்தின் பழையாறு பக்கம் கடலைச் சேரும். எல்லாக் குப்பையும் போய்ச் சேராது. தடுப்பணை, முள்புதர், மணல் என்று வழியில் நிறைய சிக்கும். ஆனால் சிக்கியது வெயிலில் நொறுங்கித் துகளாகி, அடுத்த வெள்ளத்தில் கிளம்பிவிடும். துகளானதை யாராலும் பொறுக்க முடியாது. அதனால்தான், வேன் பிடித்து கடற்கரை சுத்தம் செய்யப் போவதைவிட, உங்கள் தெரு ஓடையில் இறங்குங்கள் என்கிறேன்.

அம்மாபேட்டை பக்கம் ஓடையில தடுப்பு கட்டலாம்னு இருக்கோம் அண்ணா. எப்படி கட்டறது?

முதலில் மாநகராட்சியில் அனுமதி வாங்குங்கள் தம்பி. நேர்க்குறுக்காகக் கட்டாதீர்கள், குப்பை நடுவில் குவிந்து, முதல் மழையிலேயே பிய்த்துக்கொண்டு போகும். ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகப் போட்டால் குப்பை ஒரு கரைக்கு ஒதுங்கும், அள்ளவும் எளிது. மிதவைக்கு மூடி இறுக்கிய காலி கேன்கள் போதும். அதன் கீழே ஒரு அடிக்கு வலை தொங்கட்டும். அதற்கு மேல் இறக்கினால் நீரின் அழுத்தம் தாங்காது. கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டாமல் வளையமாகப் போடுங்கள். தண்ணீர் ஏறும்போது மிதவையும் கூடவே ஏற வேண்டும். கோடைக்குப் பிந்தைய முதல் பெருமழைதான் அதிகக் குப்பை கொண்டுவரும். அன்றே அள்ள ஆள் இல்லையென்றால் தடுப்பே வேண்டாம். அடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் வரும்.

பள்ளியில் மாணவர்களுக்கு மைக்ரோ பிளாஸ்டிக்கை, அதாவது நொறுங்கிய பிளாஸ்டிக் துகளை, கண்ணால் காட்ட வழி உண்டா, ஐயா?

உண்டு டீச்சர். விழிப்புணர்வுக்கு ஊர்வலத்தைவிட இது பலன் தரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரையுங்கள். கடை உப்பிலேயே துகள் இருக்கலாம் என்பதால் கரைசலை முதலில் காபி பில்டர் பேப்பரில் வடிகட்டிவிடுங்கள். காய்ந்த ஆற்று மணல் 100 கிராமைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, 300 மில்லி கரைசல் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். களிமண் அதிகமென்றால் இரவு முழுக்க. மணல் அடியில் தங்க, பிளாஸ்டிக் துகள் மேலே மிதக்கும். அந்த மேல்நீரை மட்டும் புது பில்டர் பேப்பரில் வடித்து, மூடிவைத்து உலர்த்தி, லென்ஸில் பாருங்கள்.

இலைத்தூளும் மிதக்கும். சூடான ஊசியை நீங்களே பிடித்துத் தொட்டுப் பாருங்கள்: பிளாஸ்டிக் இளகிச் சுருளும், இலை கருகும். மண் போடாத வெறும் கரைசலையும் இதே மாதிரி வடித்து, அதில் கிடைக்கும் துகள்களைக் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் நாம் உடுத்தியிருக்கும் பாலியஸ்டர் துணியிலிருந்து விழும் நூலெல்லாம் ஆற்றுக் கணக்கில் ஏறிவிடும். கேரி பேக், தெர்மாகோல் வகைகள்தான் இதில் மிதக்கும்; தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கும் பிவிசியும் அடியில் தங்கும். ஆகவே கிடைக்கும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு. மண் எடுக்கும்போது கையுறை கட்டாயம். அது சாக்கடை கலந்த ஆறு.

கொலுசுப் பட்டறை ஆசிட் தண்ணி கொஞ்சம்தானே, சாக்கடையில விட்டா என்ன?

அதில் செம்பு கரைந்திருக்கிறது. மிகச் சிறிய அளவே பாசிக்கும் சிப்பிக் குஞ்சுகளுக்கும் விஷம். கடலின் உணவுச் சங்கிலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, அமில அளவைக் காட்டும் பிஎச் தாளில் 9 வரும்வரை கலக்குங்கள். மறுநாள் செம்பு வண்டலாகப் படிந்திருக்கும். தண்ணீர் இன்னும் நீலமாக இருந்தால் அம்மோனியா கலந்திருக்கலாம், செம்பு இறங்கவில்லை. முலாம் பூசும் சயனைடு தண்ணீரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் வாயு உயிரையே எடுக்கும். வண்டல் அபாயக் கழிவு, அதற்கென அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்காட்டுல காபிப் பழத்தோல உரிக்கிற பல்ப்பர் மெஷின் தண்ணிக்கு என்ன செய்யறது?

ஒரே நாளில் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். மறுநாளுக்கு வைத்தால் புளித்து, அந்த வாடை கொட்டையில் ஏறும். தோலை ஓடைக்கரையில் கொட்டாமல் மக்கவிடுங்கள்.

மீன் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

நீளத்தைப் பாருங்கள். மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்பது கேரளத்தின் விதி. இங்கேயும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீனா என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுறா ஒரு ஈற்றில் சில குட்டிகளே போடும், பிடிக்கும் வேகத்துக்கு அதனால் பெருக முடியாது. அதற்குப் பதில் மத்தியோ நெத்திலியோ சமைத்துக் கொடுங்கள், விலையும் கட்டுப்படியாகும்.