நரம்பை எடுக்காமல் பல்லைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: என் 19 வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. எக்ஸ்-ரே பார்த்த ஒரு மருத்துவர் ரூட் கெனால் செய்தே ஆகவேண்டும் என்கிறார். இன்னொருவர் நரம்பைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கூச்சம் சில நொடிகளில் அடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே இதில் முதன்மையான தகவல். பல்லின் நடுவிலுள்ள பற்கூழ், அதாவது நாம் நரம்பு என்று சொல்லும் பகுதி, இன்னும் மீளக்கூடிய நிலையில் இருப்பதற்கான அடையாளம் அது. வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, இரவில் தானாகவே எழுந்து தூக்கத்தைக் கெடுத்தாலோ பாதிப்பு முற்றியிருக்கக்கூடும். எக்ஸ்-ரே சொத்தையின் ஆழத்தைக் காட்டுமே தவிர, பற்கூழில் உயிர் இருக்கிறதா என்பதைக் காட்டாது. அதற்கு, பல்லில் குளிர்ச்சியை வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் குளிர் சோதனை தேவை.

உயிர் இருந்தால், இரண்டாவது மருத்துவர் சொல்லும் வழியை முதலில் முயல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. சொத்தையை ஓரங்களில் முழுவதும் சுரண்டிவிட்டு, பற்கூழை ஒட்டிய மென்மையான அடுக்கை மட்டும் அப்படியே விட்டு, மேலே காற்றுப் புகாதபடி அடைத்துவிட்டால், உணவு கிடைக்காத கிருமிகள் ஓய்ந்துபோகின்றன. ஐரோப்பிய வேர்சிகிச்சைச் சங்கம் 2019-இல் வெளியிட்ட நிலைப்பாடும், ஆழமான சொத்தைக்கு இத்தகைய அணுகுமுறையையே பரிந்துரைக்கிறது.

சுரண்டும்போது பற்கூழ் திறந்துகொண்டாலும் கதை முடிந்துவிடவில்லை. மேற்பகுதியில் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டும் வெட்டியெடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை அந்தச் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளியின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். சில நிமிடங்களில் இரத்தம் நின்றால், எஞ்சிய பற்கூழ் நலமாக இருக்கிறது என்று கொண்டு, எம்.டி.ஏ. போன்ற கால்சியம் சிலிக்கேட் சிமெண்டால் மூடுகிறோம். நிற்காவிட்டால் இன்னும் ஆழமாக எடுக்கவேண்டும், அல்லது ரூட் கெனாலுக்கே போகவேண்டும். உடைந்த முன்பற்களில், பற்கூழின் ஒரு பகுதியை மட்டும் நீக்கும் இந்த முறையை 1978-இல் விளக்கியவர் ஸ்வீடனில் பணியாற்றிய மியோமிர் ஸ்வெக்.

இந்தச் சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிப்பது கிருமி புகாமல் காப்பதே. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்து விட்டபோது, உணவுத் துணுக்குகள் படிந்தும்கூட அது தானாக ஆறிப் டென்டின் என்ற கடினமான பல் திசுவால் புதிய பாலம் கட்டிக்கொண்டதை, 1965-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சாதாரண எலிகளில் பற்கூழ் அழிந்தது. ஆகவே, எச்சில் படாமல் பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் டேம் போடுவார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை.

ஈறில் வீக்கமோ சீழோ இருந்தால், அல்லது குளிர் பட்டும் பல்லில் சிறிதும் உணர்வு இல்லாவிட்டால், இந்த வழி பொருந்தாது. உங்கள் மகளுக்கு அப்படி இல்லை என்றால் தாமதிக்காமல் தொடங்குங்கள். பிறகு 6 மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கவேண்டும். இடையில் வலி நிலைத்துவிட்டால் அப்போது ரூட் கெனால் செய்துகொள்ளலாம், அந்த வாய்ப்பு பறிபோவதில்லை.